களத்தில் புது ஆள்

பொங்கலை ஒட்டிச் சென்னையில் டெஸ்ட் மேட்ச் நடந்த ஒரு வருஷத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் வயதை ஒத்தவர்களுக்கு அந்த நாட்களை விளக்கத் தேவையில்லை. நாம் யாரும் மேட்சைப் பார்த்ததில்லை, கேட்டோம். அதையும் நேராகக் கேட்டவர்கள் குறைவு. ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தவர் கேட்டு அடுத்தவருக்குச் சொல்லி, அவர் தெருவில் போகிறவருக்குச் சொல்லி, டீக்கடைக்குப் போய்ச் சேரும்போது ஸ்கோரில் இருபது ரன்னாவது கூடியிருக்கும்.

எந்த அணி வந்திருந்தது என்று எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் சிலர் பழைய ஸ்கோரைத் தேடி எடுத்து வருஷத்தைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். வருஷம் தெரிந்தால் ஊரும் தெரிந்துவிடும். கும்பகோணத்திலிருந்து திருவிடைமருதூர் தாண்டிப் பஸ்ஸில் போக வேண்டிய ஊர் என்பது போதும். நான் சொல்லப் போவது கடைசி நாள் ஆட்டம். நம்மவர்கள் ஜெயிக்க வழியே இல்லை. பொழுது சாயும்வரை எல்லாரும் அவுட் ஆகாமல் நின்றுவிட்டால் தோல்வியிலிருந்து தப்பலாம். அன்றைய நிலவரம் அவ்வளவுதான். கிரிக்கெட் தெரியாதவர்களும் இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே வாரத்தில் எங்கள் ஊரில் அறுவடை பாதியில் நின்றிருந்தது.

ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. டீக்கடையில் கறுப்பு சிவப்புக் கொடி. வாய்க்காலுக்கு அந்தண்டை, வயலில் இறங்கி வேலை செய்கிறவர்கள் குடியிருந்த தெருவில் சிவப்புக் கொடி. எங்கள் தெருவில் கொடி கிடையாது, பேச்சுதான். நிலத்துக்கு உச்சவரம்பு வரப்போகிறது, பட்டா கைமாறப்போகிறது என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். குழந்தைகள் வந்தால் பேச்சு நின்றுவிடும். நின்றுவிட்ட பேச்சிலிருந்து நாங்கள் தெரிந்துகொண்டது அதிகம்.

அந்தத் தையில் அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். எங்கள் நிலத்தில் ஒரு பகுதியை அறுத்துக் கட்டுக் கட்டிக் களத்தில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அப்போதுதான் தகராறு முற்றி வேலை நின்றது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அறுப்புக்குக் கூலி வயலில் கொடுப்பதில்லை. அறுத்தவர்களே கட்டைக் களத்தில் அடித்து, நெல்லைத் தூற்றிக் குவித்த பிறகு அந்தக் குவியலிலிருந்துதான் அளந்து கொடுப்பார்கள். ஆகவே களத்தில் கிடந்த கட்டுகளுக்குள் எங்கள் நெல் மட்டும் இல்லை, அவர்கள் செய்து முடித்துவிட்ட வேலையின் கூலியும் கிடந்தது. வேறு யாராவது வந்து அந்தக் கட்டுகளை அடித்துவிட்டால் அளந்து வாங்கும் உரிமை வந்தவர்களுக்குப் போய்விடும்.

மற்ற மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவரலாம் என்றார்கள். அப்பா மட்டும் மறுத்தார். பேச்சு முடியும்வரை எங்கள் களத்தில் வெளியாள் காலை வைக்க மாட்டான் என்று வாக்குக் கொடுத்தார். பேச்சு முடிந்த மறுநாளே எங்கள் வயலில்தான் முதலில் இறங்குவோம் என்று அவர்கள் பதில் வாக்குக் கொடுத்தார்கள். இதற்காக எங்கள் தெருவில் பாதிப்பேர் அப்பாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். அடுத்த வீட்டிலிருந்த பெரியப்பா பேசுவதை நிறுத்தவில்லை. நிலம் இருவருக்கும் பொது, பாகம் பிரித்திருக்கவில்லை.

"ஊர்ல நீ ஒருத்தன்தான் தர்மராஜாவோ?" என்று முற்றத்துச் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்தே கேட்பார். "நெல்லு முளைச்சுதுன்னா அவாளா வந்து உனக்குச் சோறு போடப்போறா?"

"வாக்குக் கொடுத்தாச்சு அண்ணா."

"யாருக்கு? கொல்லையில வந்து நிக்கறவளுக்கா?"

அப்பா வாக்குக் கொடுத்தது உண்மையிலேயே கொல்லையில் வந்து நின்றவரிடம்தான். அறுப்புக்குப் போகும் பெண்களில் மூத்தவர். என் அம்மாவைவிட வயதானவர். எங்கள் வீட்டில் குழந்தைகள்கூட அவரைப் பெயர் சொல்லி வா, போ என்றுதான் கூப்பிட்டோம். இன்று அப்படி எழுதக் கை வரவில்லை. அறுப்புக்காரம்மா என்றே எழுதுகிறேன். உயரமானவர், வெற்றிலை போடுவார், எதைச் சொன்னாலும் அதில் ஒரு குத்தல் இருக்கும். எங்கள் தெருப் பையன்கள் தென்னை மட்டையைச் செதுக்கி பேட் செய்து அதே களத்தில்தான் கிரிக்கெட் ஆடுவார்கள். சாணம் போட்டு மெழுகி இறுகிய தரை, பந்து நன்றாக எழும்பும். பந்து பொறுக்கிப் போட மட்டும் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு நாள் மாலை பந்து உருண்டு அறுப்புக்காரம்மாவின் காலடியில் போய் நின்றது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் சின்னசாமி, இந்த ஒத்தைப் பந்துக்கா இத்தனை பேரு நிக்கிறீங்க? நாங்க மூணு பேரு நின்னா ஒரு மா நெலத்தை அறுத்துப்புட்டு வீட்டுக்குப் போயிடுவோமே" என்று என் அண்ணாவிடம் கேட்டுவிட்டுத்தான் பந்தைக் கொடுத்தார்.

களத்தில் ஆடிப் பழகியதால் எங்கள் வீட்டில் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயரே களம்தான். சென்னையில் ஆடினாலும் களம், கல்கத்தாவில் ஆடினாலும் களம். ரேடியோவில் வர்ணனை ஆங்கிலத்தில் ஓடும். கும்பகோணத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த அண்ணா கேட்டு எங்கள் பாஷையில் மாற்றிச் சொல்வான். ஒருத்தர் போயாச்சு என்றால் விக்கெட். புது ஆள் களத்தில் எறங்கியாச்சு என்றால் அடுத்த ஆட்டக்காரர் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

ரேடியோ இரண்டாம் கட்டுக் கூடத்தில் மர ஸ்டாண்டின் மேல் இருக்கும். முன்பக்கத்தில் பூனைக்கண் மாதிரிப் பச்சை விளக்கு. நேரம் ஆக ஆகப் பெட்டிக்குள் சூடேறி, வறுத்த தூசி மாதிரி ஒரு வாசனை வரும். அந்த வாசனையை அதன்பிறகு நான் எங்கும் முகர்ந்ததில்லை. ஏரியல் கம்பி ஓட்டுக்கு மேலே போகும். அதில் காக்கை உட்கார்ந்தால் வர்ணனை இரையும். பெட்டியை அங்கிருந்து நகர்த்த முடியாது. அந்தக் கடைசி நாளன்று அப்பாவால் வாசல் அறையைவிட்டு நகர முடியாது. மத்தியானம் தாசில்தார் வந்து இரு தரப்பையும் வைத்துப் பேசுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னாலேயே அப்பாவின் மனத்தை மாற்றிவிட வேண்டும் என்று மேலத்தெரு மிராசுதார் இருவர் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆகவே கூடத்திலிருந்து வாசலுக்குச் செய்தி கொண்டு போவது என் வேலை.

அதை நான் சரியாகச் செய்தேன். அண்ணா சொல்வதைச் சொன்னபடியே சொல்வேன், என் சொந்தச் சரக்கைச் சேர்க்க மாட்டேன். அதற்காகத்தான் பையன்களை விட்டுவிட்டு என்னை வைத்துக்கொண்டார்கள்.

அன்று காலை அப்பா விடிந்ததுமே களத்துக்குப் போய்வந்தார். நானும் கூடப் போயிருந்தேன். கட்டுகளை அடுக்கிய போரில் முழங்கைவரை கையை விட்டார். எடுத்து என் கன்னத்தில் வைத்தார். காய்ச்சல்காரர் கை மாதிரிச் சுட்டது. ஈர வைக்கோலின் புளித்த வாசனை அடித்தது. "உள்ளே வெந்துண்டிருக்கு" என்றார். வானத்தைப் பார்த்தார். தை மாதத்துக்குப் பொருத்தமில்லாத மேகம் கிழக்கே நின்றது. திரும்பி வரும்போது நான் ஓட வேண்டியிருந்தது, அவ்வளவு வேகம்.

வாசல் அறையில் ஈஸிசேரில் உட்கார்ந்த பிறகும் அவருடைய வலது கால் நடந்துகொண்டேதான் இருந்தது. மேலத்தெரு மிராசுதார்களில் ஒருவர் பேசுவார், மற்றவர் மூக்குப்பொடி போடுவார். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பதில் சொல்ல முடியாத இடம் வரும்போதெல்லாம் என்னைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்று கேட்பார். நான் ஓடுவேன்.

"ஏண்டி, காலைத் தரையில வெச்சு நடக்கப்படாதோ? தாழ்வாரம் வழுக்கறது" என்று அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள்.

அன்று ஆட்டமும் அப்பாவின் கால் மாதிரி நிலைகொள்ளாமல்தான் இருந்தது. ஒருவர் நன்றாக நிற்பார், நம்பிக்கை வரும், உடனே போய்விடுவார். சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால் ஐந்தாவது ஆளும் போய்விட்டார். அண்ணா தலையில் கையை வைத்துக்கொண்டு, "போய்ச் சொல்லு" என்றான். ஓடினேன்.

"அஞ்சாவது ஆள் போயாச்சு."

மூக்குப்பொடிக்காரர் உச்சுக் கொட்டினார். அப்பா, "அடுத்தவன் எறங்கினதும் வந்து சொல்லு" என்றார்.

நான் கூடத்துக்குத் திரும்பும் வழியில் அம்மா தடுத்தாள். "கொல்லையில யாரோ கூப்பிடறா. என்னன்னு பாரு. எனக்குக் கை ஒழியலை."

கொல்லைப் படலுக்கு வெளியே அறுப்புக்காரம்மா நின்றுகொண்டிருந்தார். முழங்கால்வரை சேறு. ஓடி வந்திருக்க வேண்டும், பேச மூச்சு வரவில்லை.

"சாமி எங்க பாப்பா?"

"வாசல்ல. பெரிய மனுஷா ரெண்டு பேர் வந்திருக்கா."

"அப்ப நீதான் போவணும். சாமிகிட்ட சொல்லு, களத்துல புது ஆளு எறங்கியாச்சு. சாமி என்ன சொல்றாங்களோ அதைக் கூட்டாம கொறைக்காம வந்து சொல்லு."

"வேற?"

"வேற என்ன. இதைச் சொன்னாலே சாமிக்குத் தெரியும்."

அவர் ஏன் நேராக வாசலுக்குப் போய்ச் சொல்லவில்லை என்று என் பெண் கேட்டாள், இதை அவளிடம் ஒரு தடவை சொன்னபோது. எங்கள் தெருவில் அவர் நடந்து வந்து வாசலில் நிற்க முடியாது. அந்த வருஷத்துச் சட்டத்தில் அதற்குத் தடை இல்லை, எங்கள் தெருவில் இருந்தது. படலைத் தாண்டி உள்ளே வருவதும் இல்லை. அப்பா கொல்லைக்கு வந்தால் பேசுவார், வராவிட்டால் யாராவது குழந்தை போய்ச் சொல்ல வேண்டும். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அன்று அவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் எங்கள் வீடு முழுவதும் இருந்தது.

வெளியூர் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கும் அது புரியும் என்று நினைத்தேன். இதைச் சொன்னாலே தெரியும் என்று பெரியவர் ஒருவரே சொல்லி அனுப்பியிருக்கிறார், அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

வாசலுக்குப் போய் நின்றேன். "களத்துல புது ஆள் எறங்கியாச்சு" என்றேன்.

"நிப்பானா?" என்று கேட்டார் மூக்குப்பொடிக்காரர்.

"எறங்கட்டும், எறங்கட்டும்" என்றார் அப்பா. "சாயங்காலம் வரைக்கும் நின்னாப் போறும். இன்னிக்குப் பொழுதைத் தாண்டிட்டா நமக்குக் கவலை இல்லை."

நிப்பானா என்று ஒருமையில் கேட்டது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. ஆள் என்றால் எங்கள் தெருவில் ஒருவரும் ஆள்தான், ஐம்பது பேரும் ஆள்தான். எத்தனை பேர் வந்தாலும் வந்தான், போனான் என்றுதான் பேசுவார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமோ அதிர்ச்சியோ இல்லை. சரி, இது அவருக்கு முன்னாலேயே தெரிந்த விஷயம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

கொல்லைக்குப் போய்ச் சொன்னேன்.

அறுப்புக்காரம்மா என்னையே பார்த்தார். "சாமி வாயாலயே சொன்னாங்களா?"

"ஆமா."

"இன்னொரு தரம் சொல்லு."

"எறங்கட்டும், எறங்கட்டும். சாயங்காலம் வரைக்கும் நின்னாப் போறும். இன்னிக்குப் பொழுதைத் தாண்டிட்டா நமக்குக் கவலை இல்லை."

குத்தலாக ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை அவிழ்த்து உதறி இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கிப் போனார். வந்தபோது இருந்த அவசரம் இல்லை.

கூடத்துக்குப் போனால் அண்ணா கத்தினான். "எங்கடி போனே? புது ஆள் ரெண்டு பவுண்டரி அடிச்சுட்டான். ஓடு."

அதையும் போய்ச் சொன்னேன். அப்பா தொடையில் தட்டிக்கொண்டார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மேலத்தெருக்காரர்களும் சிரித்தார்கள். கூலி, வெளியாள் என்ற பேச்சே சற்று நேரம் நின்று, மூவரும் பையன்களைப் போல அந்த ஆட்டக்காரரின் பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசினார்கள்.

சாப்பாடு முடிந்து அவர்கள் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தபோது எங்கள் வண்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். துண்டு இடுப்பில் இருந்தது.

"சாமி, களத்துல கட்டு அடிக்கிறாங்க. பேராவூரணிப் பக்கத்து ஆளுங்க போலருக்கு, லாரியில வந்திருக்காங்க. பெரிய சாமி குடை புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

அப்பா எழுந்துவிட்டார். "யாரைக் கேட்டுண்டு அடிக்கறா?"

வண்டிக்காரர் தரையைப் பார்த்தார். "நீங்க எறங்கட்டும்னு சொன்னதாப் பேசிக்கிறாங்களே சாமி. நம்ம ஆளுங்க மறிக்கப் போனாங்களாம். அறுப்புக்காரம்மாதான் வந்து, சாமியே சொல்லிட்டாங்க, வழி விடுங்கன்னு வெலக்கிவிட்டுச்சாம்."

"நானா? நான் யார்கிட்ட சொன்னேன்?"

நான் கதவருகில் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். கேட்காமலே சொன்னேன், காலையில் கொண்டு போனபடியே, இரண்டு எறங்கட்டும் உட்பட. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகத்தில் அது புரிவது தெரிந்தது. முதலில் கண்ணில், பிறகு வாயில். மேலத்தெரு மிராசுதார்களுக்கும் புரிந்திருக்க வேண்டும். மூக்குப்பொடிக்காரருக்குத் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கப் பொடி மட்டையைத் திறந்து மூக்கருகே பிடித்துக்கொண்டார்.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். நானும் பின்னால் போனேன். பெண் குழந்தை அங்கே வரக்கூடாது என்று சொல்ல அன்று யாருக்கும் தோன்றவில்லை.

களத்தில் தூசி பறந்துகொண்டிருந்தது. புதிதாக வந்தவர்கள் பத்திருபது பேர், எல்லாரும் ஒட்டிய வயிறு. தென்னந்தோப்பில் வேலை செய்து பழகிய கைகள், கட்டைப் பிடித்து அடிக்கும் வாகு படியவில்லை. நெல் களத்துக்கு வெளியிலும் தெறித்தது. வாய்க்காலுக்கு இந்தண்டை வரப்பில் எங்கள் ஊர் ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் பெண்கள். கோஷம் இல்லை, கொடி மட்டும் ஒருவர் கையில் இருந்தது. தெறித்த நெல்லைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாசில்தாரின் ஜீப் ஏற்கெனவே வந்திருந்தது. பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள்.

"வாங்க சார்" என்றார் தாசில்தார். "நீங்களே சம்மதிச்சாச்சுன்னு உங்க அண்ணன் சொல்றாரு. அப்ப நான் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று சிரித்துவிட்டு, "அது கெடக்கட்டும். உங்க வீட்டுல ரேடியோ இருக்குமே, ஸ்கோர் என்ன?" என்றார்.

பெரியப்பா குடையோடு அருகே வந்தார்.

"ஊர் பூரா கேட்டாச்சு. இப்பவாவது உனக்குப் புத்தி வந்துதேன்னு நம்ம தெருவில எல்லாருக்கும் சந்தோஷம். திரும்ப மாத்திப் பேசிச் சந்தி சிரிக்க வெக்காதே" என்றார். குரலில் அன்பு இருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அப்போது வரப்பிலிருந்து, "சாமி" என்று குரல் வந்தது. அறுப்புக்காரம்மா. ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் அவர் அப்பாவைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கட்டு அடிப்பது நின்றது.

"பாப்பா வந்து சொல்லுச்சு. எறங்கட்டும், பொழுதுக்கும் நின்னாப் போதும், நமக்குக் கவலை இல்லைன்னு. அது நீங்க சொன்ன வார்த்தைதானா சாமி? கொழந்தை ஏதும் மாத்திச் சொல்லியிருந்தாலும் இருக்கும். அதான் கேக்கறேன்."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவருக்கு முன்னால் இரண்டு பதில்கள் இருந்தன. குழந்தை உளறிவிட்டது என்று சொல்லலாம். அப்படிச் சொல்லியிருந்தால் எல்லாரும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள், அவர் வாக்கும் காப்பாற்றப்பட்டிருக்கும். நான் கிரிக்கெட்டைச் சொன்னேன் அம்மா என்று நடந்ததையும் சொல்லலாம். ஸ்கோர் கேட்ட தாசில்தார் பக்கத்திலேயே நிற்கிறார், வெட்கப்படக்கூட அவ்வளவு இல்லை.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். என்மேல் பழி போட மாட்டார் என்று தெரிந்துவிட்டது. ஆகவே மற்றதைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஆமா" என்றார். "நான் சொன்ன வார்த்தைதான்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"அப்ப சரி சாமி" என்றார் அறுப்புக்காரம்மா. அவர் எங்கள் குடும்பத்தில் ஒருவரிடம் பேசிய கடைசி வார்த்தை அது. மறுநாளிலிருந்து அந்தத் தெருவிலிருந்து யாரும் எங்கள் நிலத்தில் இறங்கவில்லை. அறுக்காமல் நின்ற பயிர் அந்த வாரத்து மழையில் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. சில வருஷங்களில் அப்பா தன் பங்கைப் பெரியப்பாவுக்கே கொடுத்துவிட்டு எங்களைச் சென்னைக்கு அழைத்துப் போனார். கேட்டவர்களிடம் உச்சவரம்பு என்று சொன்னோம், எல்லாரும் நம்பினார்கள். அன்றைய ஆட்டம் தோற்காமல் முடிந்தது. அதை அண்ணா மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

களத்திலிருந்து வரப்பு வழியாகத் திரும்பினோம். பின்னால் மறுபடியும் கட்டு அடிக்கும் சத்தம். எங்களுக்குப் பக்கவாட்டில் எங்கள் ஊர் ஆட்களும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலைத் தாண்ட ஒற்றைப் பனைமரத்தைப் பாலமாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஆண்கள் போய்விட்டார்கள். பெண்கள் காத்து நின்று ஒவ்வொருவராக ஏறினார்கள்.

அப்பா நின்றார். என் தோளில் கையை வைத்தார்.

"கிரிக்கெட்டுன்னு நெனச்சேண்டி" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"அவகிட்ட சொல்லுங்கோப்பா. இன்னும் பாலம் தாண்டலை. கூப்பிட்டா கேக்கும்."

"கூப்பிட்டு என்னன்னு சொல்றது? அவா கூலி அங்கே கெடக்கறச்சே நான் பந்தாட்டம் கேட்டுண்டிருந்தேன்னா?" பாலத்தின் பக்கம் பார்த்தார். "அவ சிரிப்பாடி."

சிரித்திருப்பார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்திருப்பார். அந்தத் தெரு முழுவதும் சொல்லி, ஒரு வருஷத்துக்கு எங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்கோர் கேட்டிருப்பார். மறுநாள் காலையில் அரிவாளை எடுத்துக்கொண்டு வேலைக்கும் வந்திருப்பார்.

அறுப்புக்காரம்மா மற்றப் பெண்களை முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக நின்றார். எல்லாரும் தாண்டிய பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரத்தில் ஏறினார். நடுவில் ஒரு தடவை நின்று காலைச் சரியாக வைத்துக்கொண்டார். அப்போது அவர் முகம் எங்கள் பக்கம் இருந்தது. அப்பாவின் விரல்கள் என் தோளில் இறுகின. மூச்சை உள்ளே இழுத்தார், கூப்பிடப் போகிறவரைப் போல. அறுப்புக்காரம்மா அந்தக் கரையில் இறங்கி வேலிக்குள் மறையும்வரை அப்பா அந்த மூச்சை வெளியே விடவில்லை.